இடப்பக்க இருக்கை

லோஸ் மோச்சிஸிலேயே ரயில் ஏறினால்
டிக்கெட் விலை அதிகம்.
எல் ஃபுவெர்த்தே வரை பேருந்தில் போய்
அங்கே ஏறினால்
இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு மிச்சம்.
மாம்பழக் கொட்டகையில் பெட்டி கட்டுகிறவளுக்கு
இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாலரை மணிப் பேருந்து.
பக்கத்து மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டி,
ஓட்டைதோறும் ஓர் அலகு.
இருட்டு முழுக்கக் கரும்புத் தோட்டம்.

"ஜன்னலோரம் வேண்டும்" என்றேன் கவுண்டரில்.
கொடுத்தார்.
எந்தப் பக்கத்து ஜன்னல் என்று
கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

மலை ஏறத் தொடங்கியதும் புரிந்தது.
வலப்பக்கம் பள்ளத்தாக்கு.
என் பக்கம் பாறை.
கை நீட்டினால் தோல் உரியும் தூரத்தில் பாறை.
வெடி வைக்கத் துளைத்த குழிகள்
பாதிப் பாதியாய்ப் பிளந்து நின்றன.
ஈரம். ஈரத்தில் பாசி.
பாசியில் ஒட்டிய ஒரு பிஸ்கட் உறை.
அவ்வளவு உயரத்தில் யாரோ சுண்ணாம்பால்
'ரெனே, ஒட்டிலியா' என்று எழுதியிருந்தார்கள்.
அதற்காக எங்கே நின்றிருப்பார்கள்?

வலப்பக்க ஜன்னலில் ஒருவர்
முகத்தில் தொப்பி கவிழ்த்துத் தூங்கினார்.
பூட்ஸில் கிரீஸ்.
காணாமல் போய்க்கொண்டிருந்தது அவர் தோளுக்கு அப்பால்
நான் எட்டு மாதம் சேர்த்த பணம்.
எழுப்பலாம்தான்.
ஆனால் இரவு வேலை முடிந்த தூக்கம் எப்படி இருக்கும்
என்று எனக்குத் தெரியும்;
வாய் அப்படித்தான் திறந்திருக்கும்.

சுரங்கங்களை எண்ணினேன்.
நாற்பதில் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.
பாறை நெருங்கி இருட்டாகும்போதெல்லாம்
என் கண்ணாடி எதிர் ஜன்னலை வாங்கிக்கொண்டது.
பாறைமேல் மிதந்தது பள்ளத்தாக்கு:
செம்புநிற விளிம்பு, அதற்குக் கீழே இன்னொன்று,
அதற்கும் கீழே நீலம்,
நடுவில் ஒரு தொப்பி.
ஆறு வலமிடம் மாறி
மேற்கே போக வேண்டியது கிழக்கே போனது.
பாசி அதன் வழியாகத் தெரிந்தது.
வெளிச்சம் வந்தால் அழிந்தது,
இருட்டினால் திரும்பி வந்தது.

பாஹுய்சிவோவில் நடத்துநர் வந்து
"க்ரெசென்ஸியோ!" என்று தோளை உலுக்கினார்.
அவர் எழுந்தார், என்னைப் பார்த்தார்,
பாறையைப் பார்த்தார்.
"எழுப்பியிருக்கலாமே" என்றார்.
தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளாம்.
அவர் இடத்துக்கு நான் மாறி உட்கார்ந்ததும்
ரயில் வளைந்தது;
பைன் மரங்கள், பைன் மரங்கள்.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.

திவிசாதேரோவில் பதினைந்து நிமிடம் நிற்கும்.
எண்ணெய் டிரம்மை அறுத்துச் செய்த அடுப்புகள்.
நீலச் சோள மாவில் கொர்தீத்தா,
உள்ளே உருளைக்கிழங்கும் வறுத்த மிளகாயும்.
வரிசையில் ஒன்பது நிமிடம் போயிற்று.
பார்க்க வந்தவள் சாப்பிட நிற்கிறாளே
என்று நினைக்காதீர்கள்.
முந்தின இரவிலிருந்து இரண்டு வாழைப்பழம்தான்.

மீதி ஐந்து நிமிடம் கம்பியருகே.
கையில் சுட்டது.
மிளகாய் எண்ணெய் முழங்கை வரை ஒழுகிற்று.
எதிரே இருந்தது முழுப் பள்ளமும்,
இடம் வலம் மாறாமல்.
எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்
ஒரு புகையைப் பிடித்துக்கொண்டது:
அடியில், நூல் கனத்தில்.
அங்கேயும் யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள்.
அந்த வீட்டுக்கு மளிகை யார் கொண்டுபோவார்கள்
என்று யோசிப்பதற்குள் விசில்.
ஓடினேன்.

கிரீலில் ஆறு கட்டில் அறை ஒன்றில் ஓர் இரவு.
மறுநாள் பாஹுய்சிவோ வரை பேருந்து, நின்றபடியே,
அங்கிருந்து இறங்கும் ரயில்.
இந்த முறை பக்கம் சரியாகக் கேட்டு வாங்கினேன்.
தெமோரிஸுக்குள் இருட்டிவிட்டது.

திங்கட்கிழமை, பெட்டிகளுக்கு நடுவே,
"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள் எர்மெலிந்தா.
ஆழம் தெரியவில்லை.
பாறையைச் சொன்னேன், துளைகளைச் சொன்னேன்,
ரெனேயையும் ஒட்டிலியாவையும் சொன்னேன்.
"இதைப் பார்க்கவா போனாய்?"
அவள் நாடாவை இழுத்துப் பல்லால் கடித்து அறுத்தாள்.
"அவர்கள் எப்படி ஏறினார்களாம்?"
என்று பிறகு, மூன்று பெட்டி தாண்டி, கேட்டாள்.