அறுபது குதிரை என்று எழுதியிருக்கிறது

முதல் சண்டை எஞ்சினைப் பற்றித்தான்.
ரிஸ்மி ஆயிரத்து ஐந்நூறு சீசீயில் நின்றான்.
வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறிக்காரர் ஒருவரிடம் இருக்கிறதாம்,
ஒரு இழுப்பில் மலையே கூட வருமாம்.
தேவகுஞ்சரி வாய் திறக்கவில்லை.
பேக்கரி வேனின் ஸ்டியரிங் மேல்
சங்கத்துக் கையேட்டைச் சாய்த்து
விரலால் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்டொக் கிளாஸின் கணக்கு இது:
காரின் எடையை
ஏட்டில் எழுதிய குதிரைச் சக்தியால் வகு.
வருகிற எண் உன் வகுப்பு.
உள்ளே நிஜமாய் எத்தனை குதிரை என்று
தொடங்கும்போது யாரும் கேட்பதில்லை.

"பெருசைப் பெருசாவே எழுதிட்டான்.
குறைச்சு எழுதினதைத் தேடணும்" என்றாள்.
இரண்டு வருஷம் கொழுந்து மடுவத்தில்
தராசுக்குப் பக்கத்தில் நின்றவள்.
பத்தொன்பது கிலோவில்
தண்ணீருக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
சும்மா ஒன்று கழிந்து
பதினாறில் பேனா நிற்பதையும்
அது அரைப்பேராய் விழுவதையும்
தினம் பார்த்தவள்.

பக்கம் நாற்பத்தொன்று.
சன்னி, ஆயிரத்து இருநூறு, ஒற்றைத் தொண்டைக் காபரேட்டர்: அறுபது.
அடுத்த வரி, அதே சன்னி, இரட்டைத் தொண்டை:
அதற்கும் அறுபது.
யாரோ மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியை எழுதியிருக்கிறான்.
"இவன் தூங்கின தூக்கம் நமக்கு" என்றாள்.

பிளொக் ஹாலிஎலயில், ஒரு கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.
கோழிக்காரருக்கு நாலு சீமெந்துக்கல் வாங்கிக் கொடுத்து எடுத்தோம்.
நாவலப்பிட்டியில் இருபது ஓவர் போர்,
ஏடு விடுகிற கடைசி நூல்வரை.
பிஸ்டன்களைப் பண்டாரவளை நகைக்கடையில் நிறுத்தோம்,
"எத்தனை கரட்?" என்றார் கடைக்காரர்.
ஹெட் என் வேலை.
கண்ணாடித் தகட்டால் மூடி
சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டு
நாலு அறையும் ஒரே அளவு குடிக்கும்வரை
மூன்று ராத்திரி.
மூன்றாவது அறை மட்டும் பிடிவாதக்காரி,
எப்போதும் அரைச் சீசீ கூடக் கேட்டாள்.

கேமைத் தொடவில்லை, தொடக் கூடாது.
அதன் நேரத்தை இரண்டு பாகை முன்னே தள்ளினோம்,
ஏடு அதைப் பற்றி மூச்சு விடவில்லை.
கோபம் தீர்ந்த ரிஸ்மி
கியர்பொக்ஸ் கொண்டுவந்தான்.
விலையை மட்டும் குறைக்கவில்லை.

அம்பேவெலப் பக்கம் கால் மைல்,
ஒரு பக்கம் மாடுகள், மறுபக்கம் லீக்ஸ்.
கொழும்புக் கார்கள்
கடற்கரைக் காற்றுக்குப் பூட்டிய ஜெட்டோடு ஏறி வந்து
கறுப்பாய் இருமின.
எங்கள் ஜெட் இரண்டு எண் இறங்கி,
ஸ்பார்க் மூன்று பாகை ஏறி,
இந்த இளைத்த காற்றிலேயே பிறந்ததுபோல்
சுத்தமாய் எரிந்தது.

பனிமூட்டத்துக்குள் போனாள்.
மூன்றாம் கியர் மாறும் சத்தம் மட்டும் கேட்டது,
அது சரியான இடத்தில் கேட்டது.

அரையிறுதியில், அரைப் பம்பர் முந்தி.
தோற்றவர் இருபத்தையாயிரம் கட்டி
முறைப்பாடு எழுதினார்: திறந்து காட்டு.

திறந்தோம்.
தார்ப்பாயில் ஒவ்வொன்றாய்ப் பரப்பினோம்.
பரிசோதகர் கஸ்தூரியாராச்சி
கலிப்பரோடு முழங்காலில் நடந்தார்.
வால்வு, சரி. லிஃப்ட், சரி. போர், சரி.
மழை தூறியபோது அவரே குடை பிடித்து அளந்தார்.
அவர் முடிப்பதற்குள் இறுதிப் போட்டி ஓடி முடிந்துவிட்டது.
நாலு பிஸ்டனும் வெளியே கிடக்க
நாங்கள் எதை ஓட்ட?

"எல்லாம் ஏட்டில் உள்ளபடிதான்" என்றார்,
எங்களைவிட அவருக்குத்தான் வருத்தம்போல.
"ஏடுதான் பிழை. அடுத்த வருஷம்
எட்டுக் குதிரை கூட்டி எழுதுவோம்."

தேவகுஞ்சரி சிரித்த சிரிப்பில்
மாடொன்று திரும்பிப் பார்த்தது.
"வேலைநிறுத்தம் செய்யாம
ஒரு எண்ணை ஏத்தி எழுதுறாங்க, பாருடா" என்று
ரிங்குகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள்.

நானுஓயாவில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.
ரிஸ்மி செலவுக் கணக்குப் பார்த்தான், கூட்டக் கூட்டக் கூடியது.
அவள் மடியில் கையேடு.
பக்கம் ஐம்பத்திரண்டில்
விரல் நின்றிருந்தது.