பதினெட்டில் ஒரு பங்கு

ஐஸ்லாந்தில் ஆறு வருசம்
கொதிநீர் ஊற்றின் முன்னால் கடிகாரத்தோடு நின்றவள் நான்.
அங்கே தண்ணீர் சொல்லிக்கொண்டு வரும்.
முதலில் நிலம் உறுமும், பிறகு ஒரு நீலக் குமிழ்,
பிறகு பனையளவு உயரம்.
பயணிகள் கைதட்டுவார்கள்.
நான் நிமிடத்தைக் குறிப்பேன்.

அச்சுவேலியில் தண்ணீர் எதையும் சொல்வதில்லை.
அளவு நாடாவை இறக்கினால்
தொட்டதும் ஒரு 'கீக்'. அவ்வளவுதான்.
வெப்பம் இருபத்தெட்டு. நேற்றும் இருபத்தெட்டு.
ஆனால் இரவு முழுக்கக் கிணற்றுக் கட்டில் இருந்தால் தெரியும்:
பெருக்குக்கு இரண்டு விரற்கடை ஏறி
வற்றுக்கு இரண்டு விரற்கடை இறங்குகிறது,
கடலுக்கு இரண்டு கட்டை தள்ளிக் கிடக்கும் தோட்டக் கிணறு.

நல்ல தண்ணீர் இங்கே உப்பின் மேல் மிதக்கிறது,
சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளுக்குள்.
கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால்
கீழே நாற்பதடி நிற்கும் என்பது கணக்கு.
பூலோகசிங்கத்தாருக்கு அதைத் தலைகீழாகச் சொன்னேன்:
மேலே ஓரடி குறைந்தால்
கீழே நாற்பதடி உப்பு ஏறும்.
அவர் மோட்டரைப் பார்த்தார்.
வெங்காயப் பாத்தியைப் பார்த்தார்.
"அப்ப, அரையடி குறைஞ்சால்?"

சாயம் விட வேண்டும்.
எங்கே போகிறாய் என்று தண்ணீரைக் கேட்க
எனக்குத் தெரிந்த பாசை அது ஒன்றுதான்.
காவிநிறப் பொடி இரண்டு கிலோ,
நஞ்சில்லை என்ற கடிதம் ஒன்று.
அனுமதி யாரிடம்?
உறுதியை எடுத்து விரித்தார்கள்:
கிணற்றிலும் துலாவிலும் வாய்க்காலிலும்
பதினெட்டில் ஒரு பங்கு. பதினெட்டுப் பேர்.

பதினொருவர் மோட்டர் கொட்டிலிலேயே ஒப்பமிட்டார்கள்.
ஐந்து பேர் வெளிநாட்டில்;
சூரிச்சில் இருப்பவர் இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்குள் நின்று சம்மதம் சொன்னார்.
திலகேஸ்வரி கணவனின் பங்குக்குக் கையெழுத்து வைத்தாள்.
"காணாமல் போனவர் எண்டு எழுதாதேங்கோ.
வெளியில போயிருக்கிறார் எண்டு எழுதுங்கோ."
அப்படியே எழுதினேன்.
பதினெட்டாவது ஆள் அமிர்தராசா, ஸ்காபரோ.
எல்லை வேலிக்காகப் பூலோகசிங்கத்தாரோடு
பத்து வருசம் வழக்காடுகிறவர்.
அவருடைய குரல் வந்தது:
"ஊத்துங்கோ பிள்ளை.
ஆனால் என்ர பங்கில ஊத்தாதேங்கோ."

செவ்வாய் விடியற்காலை, வற்று நேரம்.
காவி தண்ணீரைத் தொட்டதும் கிளிப்பச்சை ஆனது.
எந்தப் பக்கமும் மிச்சமில்லை.
முக்கால் மணித்தியாலம் அப்படியே நின்று
வடகிழக்கு மூலையில் ஒரு பொந்தை நோக்கி
மெல்லச் சாய்ந்தது, யாரோ கூப்பிட்டது போல.

பிறகு பதினொரு நாள்.
இருபத்தாறு கிணறுகளில் மாணவர்கள் போத்தல் நிரப்பினார்கள்.
ஒன்றிலும் இல்லை.
ஒரு பொடியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்
திரும்பவும் பார்த்தான். இல்லை.

பன்னிரண்டாம் நாள் வளலாய்க் கரையிலிருந்து தொலைபேசி.
மட்டி பொறுக்குகிற செபமாலை.
வற்றுக்கு மணலைக் கிளறினால் அங்கே நல்ல தண்ணீர் வருமாம்;
வலைக்குப் போகிறவர்கள் வாய் கொப்பளிக்கிற இடமாம்.
"இண்டைக்கு அது பச்சையா வருது. நான் ஒண்டும் செய்யேல்லை."

முழங்காலில் இருந்து பார்த்தேன்.
சிரட்டையளவு குழி.
மணல் கொஞ்சம் துள்ளுகிறது, அடங்குகிறது, துள்ளுகிறது.
நடுவில் நூல் மாதிரி ஒரு பச்சை
கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.
கைதட்ட ஆளில்லை.
ஆறு பதினாலு என்று குறித்தேன்.

படத்தைப் பதினெட்டுப் பேருக்கும் அனுப்பினேன்.
திலகேஸ்வரி பார்த்திருக்கிறாள், பதில் இல்லை.
ஸ்காபரோவிலிருந்து உடனே வந்தது:
"இதில என்ர பங்கு எது?"

தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.
பெருக்கு கணுக்காலைத் தாண்டிவிட்டது.