மதிலில் ஒரு துளை

ஹராரின் மதிலை
முக்கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.
உள்ளே எண்பத்திரண்டு பள்ளிவாசல்.
எண்ணியவர்கள் சொல்கிறார்கள்.
நான் தெருப் பெருக்குகிறவள்,
எனக்குத் தெரிந்தது படிக்கட்டுக் கணக்கு.

சுபுஹு பாங்கு இங்கே
ஒரே நேரத்தில் தொடங்காது.
காப்பி வறுக்கும் சட்டியில்
முதலில் ஒரு கொட்டை வெடிக்கும்,
பிறகு நாலு,
பிறகு எல்லாம்.
அப்படித்தான் விடியும்.

மதிலுக்கு ஐந்து வாசல்.
ஐவேளைத் தொழுகைக்கு ஐந்து என்பாள்
சாத் இலை விற்கும் நூரிய்யா.
எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள்.
நான் ஒரோமோக்காரி.
நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்
அமீர் நூர் இதை எழுப்பியது
என் ஆட்கள் வரக்கூடாதென்றுதானே என்பேன்.
அவள் இலைக்கட்டில் தண்ணீர் தெளிப்பாள்.

பகலில் பாலும் விறகும் உள்ளே வரும்.
அந்தி சாய்ந்தால்
சுமந்து வந்தவர்கள் வெளியே.
கதவு சாத்தி, சாவி அரண்மனைக்குப் போய்விடும்.

ஆனால் மதிலின் அடியில்
எந்தக் கொத்தனோ
ஒரு துளை விட்டிருக்கிறான்,
கழுதைப்புலிக்கு.
எலும்பைத் தின்னட்டும்,
சந்துகளில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பதையும்
விழுங்கிப் போகட்டும் என்று.
என் முன்னோர் வெளியே குளிரில் படுத்த இரவுகளில்
அவை குனிந்து நுழைந்தன.

இதைக் கோபமாய்ச் சொன்ன காலம் உண்டு.
இப்போது அவற்றுக்கும் எனக்கும் ஒரே வேலை.
அவை விட்டதை நான் கூட்டுகிறேன்.

மக்காவில் அடிபட்டுக் கடல் தாண்டியவர்களை
முதலில் வைத்துக்கொண்டது இந்த நாடுதான்.
இங்கே அல்ல, வடக்கே.
மர்யமின் அத்தியாயம் ஓதக் கேட்டு
கிறிஸ்தவ அரசனின் தாடி நனைந்ததாம்.
வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில்
இந்த இடம் வரும்போது
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்பேன்.
அவர்கள் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள்?
யார் எழுந்து வந்து திறந்தது?
அதை ஒருவரும் சொல்வதில்லை.

போன ஆஷூரா இரவு
அவுலியா அடங்கிய குன்றடியில்
நெய்க்கஞ்சி ஊற்றி வைத்தார்கள்.
கழுதைப்புலி நன்றாகத் தின்றால்
வருஷம் நன்றாயிருக்கும்.
கூட்டம் வந்தது. தின்னவில்லை.
சுற்றிச் சுற்றி நின்றது.
தலைவி வராமல் அவை வாய் வைக்காது,
பெண்தான் அங்கே பெரியவள்.
இஷா முடிந்து நெடுநேரமாயிற்று,
கஞ்சியில் ஆடை கட்டியது.
பெரியவர்கள் துஆவை நீட்டினார்கள்.

எனக்கு மட்டும் நினைவு வந்தது:
காலையில் மதில் பூசும் ஆட்கள்
சிமெண்டு மூட்டைகளை
துளைக்கு முன்னால் அடுக்கிப் போனது.

இறங்கி ஓடினேன்.
சாக்கடை ஓரம், இருட்டில், இரண்டு கண்.
விடிந்ததிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறாள்,
ஒரு பகல் முழுக்கப்
புனித நகரத்தின் உள்ளே மாட்டிக்கொண்டு.
ஏழு மூட்டை.
ஒவ்வொன்றாய் இழுத்தேன்.
முதுகைக் காட்டிக்கொண்டுதான்,
வேறு வழியில்லை.
கடைசி மூட்டை நகர்ந்ததும்
முழங்காலை ஈர ரோமம் உரசிப் போயிற்று.
அழுகின தோல் நாற்றம்,
அப்புறம் காற்று.

சற்று நேரத்தில்
குன்றிலிருந்து தக்பீர் முழக்கம் கேட்டது.
துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்,
முழங்கால் நடுங்கியது.

மறுநாள் நூரிய்யா
இலை விலையை ஏற்றிவிட்டாள்.
நல்ல வருஷமாம்.

மூட்டையைக் கலைத்தது யாரென்று
கொத்தன் கத்திக்கொண்டிருந்தான்.
இந்தப் பக்கம் வைக்காதே என்றேன்.
ஏன் என்றான்.
தண்ணீர் போகிற வழி
என்று சொல்லிவிட்டு
பெருக்கப் போனேன்.