போயாவுக்கு மறுநாள்

வெசாக் போயா.
ஊரே ஓய்கிறது, இவளும் ஓயட்டும் என்று
பகல் முழுக்கக் கட்டிலேயே விட்டேன்.
தீனியில் ஒரு பிடியும் குறைக்கவில்லை.
மேலதிகமாக இரண்டு சுண்டு சோளம்,
உப்புவெளிச் சந்தியில் வாங்கிய பனங்கட்டி.
என்னுடைய இரக்கம் அவ்வளவும்
அந்த வாளிக்குள் இருந்தது.

மறுநாள் ஒரு பிரெஞ்சுக்காரியை ஏற்றிக்கொண்டு
நூறு யார் போயிருப்பாள்.
நின்றாள்.
நகரமாட்டேன் என்கிற நிற்றல் இல்லை அது,
நகர என்னிடம் ஒன்றுமில்லை என்கிற நிற்றல்.
பின்தொடையைத் தொட்டேன்.
பலகை.
வயிற்றால் வழிந்த வேர்வை மணலில் சொட்டியது.
பிறகு அவள் பெய்தது
கோப்பி நிறம்.

நுவரெலியாவில் ஓடிய குதிரை.
அங்கே அவளுக்கு வேறு பெயர்,
கடுதாசியில் இருக்கிறது, எனக்கு வாசிக்க வராது.
நாங்கள் மாதுளை என்கிறோம்.

டொக்டர் குணாளினி மாட்டு வைத்தியர்.
தம்பலகாமத்துப் பட்டிகளில்
தோள்மூட்டு வரை கைவிட்டுக் கன்று இழுத்தவர்.
மாதுளையின் முன்னால்
கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.
வலிக்கு ஊசி போட்டார். தண்ணீர் காட்டு, நடத்தாதே என்றார்.
"மிச்சம் எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுறன்."
ஐஸ்பெட்டியில் இரத்தம்
இரவு பஸ்ஸில் பேராதனைக்குப் போனது.

வந்த பதில் இதுதான்:
மாவைச் சேர்த்து வைக்கத் தெரிந்த தசை,
செலவழிக்கத் தெரியாத தசை.
சும்மா நின்றால் சேரும்.
திடீரென்று ஓடினால் உடையும்.
பிறவிக் குணம், மாற்ற ஏலாது.
வாளியை மாற்றலாம்.

சோளம் நின்றது. பனங்கட்டி நின்றது.
புல்லை ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டு
அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன்,
இனிப்பு அதிலே இறங்கிவிடுமாம்.
தேங்காய்ப் புண்ணாக்கு.
நிலாவெளி உப்பு ஓர் உள்ளங்கை.
எண்ணெய், முதலில் ஒரு கரண்டி,
கிழமைக்குக் கிழமை கூட்டி ஒன்றரைக் கோப்பை.
அவள் இரண்டு தரம் வாளியை உதைத்தாள்.
மூன்றாம் நாள் பசி அவளுக்கும் எனக்கும் நடுவே
சமாதானம் பேசியது.

பிறகு விற்றமின் ஈ.
பாமசியில் இருநூறு குளிசை கேட்டேன்.
"ஆருக்கு அண்ணை?"
ஏனோ வாயில் வந்தது: "மனுசிக்கு."
அடுத்த கிழமை மீன் சந்தையில் அவன்
பிலோமினாவை மறித்து
"தசை வருத்தம் இப்ப எப்பிடி அக்கா?" என்றிருக்கிறான்.
வீட்டுக்கு வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை.
குதிரையின் போத்தலைத் திறந்து
இரண்டு குளிசை விழுங்கினாள்,
முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

ஆவணியில் ஒரு சின்னப்பிள்ளை, மூதூர்ப் பக்கம்,
மாறி பிஸ்கட்டை நீட்டியது.
தட்டிவிட்டேன்.
பிள்ளை அழுதது, தகப்பன் முறைத்தான்.
மாதுளை மணலுக்குள் மூக்கை விட்டு
அந்தப் பிஸ்கட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.
மூன்று மொழியில் பலகை எழுதி வைத்தேன்.
மூன்றையும் ஒருவரும் வாசிப்பதில்லை.

இப்போது கார்த்திகை.
கடல் கறுத்து, வாடிகள் பூட்டி,
ஏறி உட்கார ஒரு ஆள் இல்லை.
எண்ணெய்க் கணக்கு கடைக்கொப்பியில் ஏறுகிறது.
ஆனாலும் ஒரு நாள் விடக்கூடாது.
மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு
வெறும் முதுகோடு அவளை நடத்துகிறேன்,
சல்லிக் கோயிலடி வரை, திரும்பி வீடு வரை.
போயாவிலும் நடக்கிறோம்.
கிறிஸ்மஸிலும் நடப்போம்.
"பைத்தியம், மழைக்குள்ள குதிரைக்கு வழிகாட்டுது"
என்கிறார்கள் ஓட்டோக்காரர்.

விடிய நாலரைக்கு
டோர்ச்சோடு கொட்டிலில் நிற்கிறேன்.
அவள் பின்கால்களை அகட்டும்வரை
மூச்சையும் மெல்ல விடுகிறேன்.

இளநீர் நிறம்.

சரி, வா.