ஐந்து துளி

பால் அவளுடையது.
துளி என்னுடையது.
மாலையில் குன்வோர் அவனை என் கையில் தந்ததும்
சிறு கரண்டியில் எண்ணுவேன்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
நவம்பரில் வார்டோவை விட்டுப் போகும் சூரியன்
ஜனவரியில்தான் திரும்பும்.
அதுவரை இந்தக் குப்பிதான் வெயில் என்றாள் செவிலி.
நாங்கள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

அளவுக்கு மிஞ்சினால்தானே நஞ்சு?
மிஞ்சவில்லை.
ஆறாவது துளி தவறி விழுந்த அன்றுகூடக்
கரண்டியைக் கழுவிவிட்டு
மறுபடி எண்ணினேன்.

ஆறாவது வாரம் ஏலிஃப் பால் மறந்தான்.
காம்பு வாயில் இருக்கத் தூங்கினான்.
குடித்த கொஞ்சத்தையும் கக்கினான்.
மூத்திரம் மட்டும் மூடாத குழாய்போல.
தொடைத் தோல் தளர்ந்து மடிந்தது.
முதல் பிள்ளை, அப்படித்தான் தோன்றும் என்றார்கள்.
குன்வோர் தன் பாலை முகர்ந்தாள்,
விரலில் தொட்டு நக்கினாள்,
என்னையும் நக்கச் சொன்னாள்.
இனிப்பாகத்தான் இருந்தது.

கிர்கெனெஸ் மருத்துவமனையில்
ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிவிட்டது என்றார்கள்.
ஸ்கேன் திரையில் அவரை விதைபோல் இரண்டு.
கறுத்திருக்க வேண்டிய உட்புறம்
வெள்ளையாய் மின்னியது.
ஒரு கண்ணில் வெண்ணெயும்
மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பவர்கள் உண்டு.
இங்கே ஓரவஞ்சனை இல்லை.
இரண்டிலும் சுண்ணாம்பு.

டாக்டர் இங்யெர்ட் தாளில் வரைந்து காட்டினார்.
வைட்டமின் டி-யை உடைத்து வெளியே தள்ளுவது
எல்லார் உடம்பும் யோசிக்காமல் செய்யும் வேலை.
இவன் உடம்புக்கு அது தெரியாது.
பாதிக் குறை உங்களிடமிருந்து, பாதி இவரிடமிருந்து.
வீட்டில் யாருக்காவது கல் உண்டா?

என் அப்பாவுக்கு மூன்று முறை.
கடைசி முறை
வலைக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுருண்டு கிடந்து
கரை வரும்வரை கெட்ட வார்த்தையாகவே பேசினார்.
குன்வோர் வீட்டில்
நோயைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

பதினோரு நாள் சலைன்.
பதினோரு நாளும் அவள் பால் பிழிந்து
கைகழுவும் தொட்டியில் ஊற்றினாள்.
சத்தம் கேட்காமலிருக்க
நான் குழாயைத் திறந்துவிட்டேன்.
பிறகு, பாதி தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார்கள்,
பாதி சுண்ணாம்பு குறைத்த மாவுப்பால்.
குப்பியை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.
என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆலையில் காட் மீன் வகிர்கிறவன் நான்.
ஈரலைத் தனி வாளியில் போட வேண்டும், எண்ணெய்க்கு.
இப்போதெல்லாம் வாளியைப் பார்க்காமல் எறிகிறேன்.
சில சமயம் தரையில் விழுகிறது.

இன்று கோட்டையில் பீரங்கி வெடித்தது.
முழு வட்டமும் மேலே வந்துவிட்டதாம்.
பள்ளிக்கு விடுமுறை, தெருவெல்லாம் கூச்சல்.
மாடிவீட்டு ஓட்டார் கதவைத் தட்டி
பையனைத் தூக்கி வா, பார்க்கட்டும் என்றார்.
வெயில் ஆகாத பிள்ளை என்று
இந்த ஊரில் எப்படிச் சொல்வது?
சளி என்றேன்.

ஜனவரி வெயிலில் ஒன்றுமில்லை,
ஏப்ரலிலிருந்து கவனமாக இருங்கள் என்றுதான்
டாக்டர் சொல்லியிருந்தார்.
இருந்தும் திரையை இழுத்தேன்.
ஓரத்தில் ஒரு கீற்று நுழைந்து
தொட்டில் காலில் விழுந்தது.
குன்வோர் அதைப் பார்த்தாள், மறைக்கவில்லை.
ஈரத் துணியைச் சமையல் தராசில் வைத்தாள்.
எண்பத்திரண்டு கிராம்,
எழுதிக்கொள் என்றாள்.