மஞ்சள் புள்ளி

லீபாயாவில் காற்றுக்கு ஓய்வில்லை.
ஐந்தாவது மாடிச் சமையலறையில்
வினெதாவுக்கும்தான்.

காலையிலிருந்து முப்பத்தொரு முறை
மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.
ரத்தான விமானங்களுக்கு,
லிஸ்பனில் தொலைந்த ஒரு செல்லோவுக்கு,
மியூனிக்கின் மூடுபனிக்கு.
மூடுபனியை அவள் அனுப்பவில்லை.
ஆனாலும் கேட்டாள்.

மடிக்கணினி நிற்பது மாவு பிசையும் பலகையின் மேல்.
போன ஈஸ்டருக்குப் பிறகு
அதில் மாவு விழவில்லை.
பக்கத்தில் கம்பு ரொட்டி ஒரு துண்டு.
பத்து மணிக்குக் கடித்த கடி
காய்ந்து வளைந்திருக்கிறது.

மதியம் அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி:
இந்த வாரம் எப்படி உணர்கிறீர்கள்?
கீழே வரிசையாக ஐந்து முகங்கள்.
ஐந்தாவதைத் தொட்டால் நம்பமாட்டார்கள்.
மூன்றாவதைத் தொட்டால் கூட்டம் போடுவார்கள்.
நான்காவதன் கன்னத்தில் மெல்லத் தட்டினாள்.

வைபவர்களால் ஒன்றும் ஆவதில்லை,
அவர்களுக்குப் பழகிவிட்டாள்.
மனைவியின் அடக்கத்துக்குப் போய்ச்சேர முடியாத ஒருவர்
எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்
"நீங்கள் மிகவும் நல்லவர்" என்றார்.
அப்போதுதான்
ஊசிக்காதிலிருந்து நூல் நழுவியதுபோல் என்னவோ நழுவியது.
கை மட்டும் தைத்துக்கொண்டே இருந்தது.

தங்கை இரண்டு தடவை அழைத்தாள்.
எடுக்கவில்லை.
அவளிடமும் அந்தக் குரலே வந்துவிட்டால்?

நான்கு மணிக்கே இருட்டு.
வாசல் மணி.
பார்சல்காரன்; தாடியில் பனித்துகள்,
சட்டைப்பையின் மேல் குன்டிஸ் என்று பெயர்.
கையெழுத்துப் போட்டாள்.
போட்டதும் வாய் தானாகத் திறந்தது:
"காத்திருந்ததற்கு நன்றி.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

அவன் யோசித்தான்.
யாரும் அந்தக் கேள்விக்கு யோசித்ததில்லை.
"கொஞ்சம் தண்ணீர்" என்றான்.
"லிஃப்ட் ஓடவில்லை."

"எப்போதிலிருந்து?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து."

இன்று புதன்.

தொட்டியில் கிடந்த குவளைகளில் ஒன்றை எடுத்து
சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி கழுவினாள்.
அவன் நின்றபடி குடித்தான்.
தொண்டைமுடிச்சு ஏறி இறங்கியது,
படியேறுகிறவனைப் போல.
பூட்ஸிலிருந்து பனி உருகி
கால்மிதியைத் தாண்டி உள்ளே வந்தது.

ஐந்து நிமிடம் தொடாவிட்டால்
திரையில் பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி
மஞ்சளாகும்.
மேற்பார்வையாளருக்குத் தெரியும்.
உள்ளே ஏதோ டிங் என்றது.
பிறகு இன்னொன்று.

குவளையைத் திருப்பித் தந்தான்.
"இன்னும்?" என்றாள்.

கரகரவென்று வந்தது,
காலையிலிருந்து பேசியவளின் குரல்போலவே இல்லை.