கொதிகலன் நோட்டு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
சரக்கு வண்டிக்காக நின்ற காருக்குள்
வக்கீல் ஒன்றே ஒன்று கேட்டார்:
"நோட்டெல்லாம் எடுத்துக்கிட்டீங்கள்ல?"
எடுத்திருந்தேன்.
ஏழு வருடத்து மஸ்டர் ரோல், ஏழு வருடத்துச் சம்பளப் பட்டியல்,
வேதமூர்த்தியின் குண்டு குண்டான கையெழுத்தில்.
ஓர் அடித்தல் இல்லை, ஒரு மைக்கறை இல்லை.
அத்தனை சுத்தமே ஒரு குற்றம் என்று
கேட் திறக்கும்வரை எனக்குத் தோன்றவில்லை.

இருபத்துநாலு மாதத்தில்
நானூற்று எண்பது நாள் வேலை செய்தவன்
நிரந்தரத் தொழிலாளி என்கிறது சட்டம்.
நாங்கள் சட்டத்துக்குப் பயந்தவர்கள்.
ஆகவே எண்ணிக்கொண்டே இருந்தோம்.

நானூற்று அறுபதை நெருங்கும்போது
வேதமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
அந்த வாரம் உத்திராபதி
பதிவேட்டை விட்டு நின்றுவிடுவான்.
வேலையை விட்டு அல்ல.
மறுமாதம் உ. பதி என்று ஒருவன் புதிதாய்ச் சேர்வான்.
அவனும் நானூற்று அறுபதில் நிற்பான்.
பிறகு பக்கிரி.
பக்கிரி அவன் மச்சான்; அப்போது திருப்பூரில்
பனியன் மடித்துக்கொண்டிருந்தான்.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஆள்தான்
விடியற்காலை நாலு மணிக்கு
அடுப்பில் உமி தள்ளினான்.

திருவாரூரில் தொழிலாளர் அலுவலரின் மேஜைமேல்
தலைவலித் தைலம், பாதி குடித்த மோர்.
"பருவத் தொழில் மேடம்" என்றேன்.
"குறுவையும் சம்பாவும் முடிஞ்சா ஆலை தூங்கிடும்."
அவர் மின்கட்டண ரசீதைத் திருப்பிக் காட்டினார்.
"மே மாசம் உங்க ஆலை
தூக்கத்திலேயே நெல் அவிச்சிருக்கே?"

வக்கீல் தொண்டையைச் செருமினார்:
"சர்வீஸ்ல இடைவெளி இருக்கு."

அதுவரை காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த உத்திராபதி
அப்போதுதான் வாய் திறந்தான்.
"மேட்டூர ஜனவரியில மூடுறாங்க, ஜூன்ல தொறக்குறாங்க.
நடுவுல வெண்ணாத்துல மணலுதான் கெடக்கு.
அதுக்காவ வருசா வருசம்
புது ஆறுன்னா எழுதுறாங்க மேடம்?"

யாரும் சிரிக்கவில்லை.
யூனியன்காரர் நீலமேகம் மட்டும் மெதுவாகச் சொன்னார்:
"கொதிகலன் நோட்டைக் கொண்டாரச் சொல்லுங்க."

மணிக்கு மணி அழுத்தம் எவ்வளவு,
கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு,
பார்த்த ஆளின் கையெழுத்து.
ஆலையில் நாங்கள் பொய்யெழுதாத நோட்டு அது ஒன்றுதான்.
நேர்மையினால் இல்லை.
வெடித்துவிடும் என்ற பயம்.
எண்ணெய்ப் பிசுக்கேறிய அட்டைக்குள்
பக்கம் பக்கமாக ஒரே கோணல் கையெழுத்து,
பொங்கலன்றுகூட,
என் மகள் கல்யாணத்தன்றுகூட:
உத்திராபதி. உத்திராபதி. உத்திராபதி.
பக்கிரி என்று ஒருவன்
ஒரு வரியில்கூட நெருப்பைப் பார்க்கவில்லை.

வக்கீல் பேனாவை மூடினார்.
பிறகு ஒப்பந்தம், பி.எஃப். நிலுவை, வட்டி, அதற்கு மேல் அபராதம்.
கணக்குப் போட்டால்
ஏழு வருடம் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதல்.

ஆலை முதலாளிகள் சங்கத்தில் ஒருவர் காதோரம் கேட்டார்:
"எங்கய்யா கோட்டை விட்டீங்க?"
"எழுதினா எல்லா நோட்டுலயும் எழுதியிருக்கணும்" என்றேன்.
மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வர
ரொம்ப நேரமானது.

திங்கட்கிழமை வேதமூர்த்தி புதுப் பதிவேடு பிரித்தார்.
பெயரை முழுதாக எழுதினார்; கை கொஞ்சம் நடுங்கியது.
சேர்ந்த தேதி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"என்ன போட?"
எனக்கும் தெரியவில்லை.
கூப்பிட்டனுப்பினோம்.
முழங்கை வரை உமியோடு வந்தார்.

"தண்ணி வராத வருசம், மொதலாளி.
கடைமடையில நட்டதெல்லாம் காஞ்சு போச்சு.
அதுக்கு மறுவாரம் வந்தேன்."
"தேதி?"

என்னைப் பார்த்தார்.
வேதமூர்த்தியைப் பார்த்தார்.
"உங்களுக்குத்தானே தெரியணும்.
நீங்கதானே எண்ணுனீங்க."